புல் முளைத்த சைடிங்கைச் சைக்கிளுக்கு விடுங்கள்: ஒரு திறந்த மடல்

வடசென்னை நிலத்தைப் பங்கு போட்டுக் கோப்பில் வைத்திருக்கும் ரயில்வே, துறைமுகம், மாநகராட்சி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சிக்கு இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். ராட் பிரேக் வைத்த பழைய வண்டி, கியர் கிடையாது. முதலிலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வழியில் கொஞ்ச தூரம் ரயில்வே நிலத்தில் ஓட்டுகிறேன். 1989ஆம் வருடத்து ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதனால்தான் மடலில் என் பெயர் இல்லை. இடம் எது என்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே அங்கே சுவர் எழும்பிவிடும்.

ரயில் ஓடுகிற பாதை அல்ல அது. ஒரு காலத்தில் தொழிற்சாலைக்குச் சரக்கு வேகன் திரும்பிய சைடிங், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்த கிளைத் தடம். இப்போது ஒரு பக்கத்துத் தண்டவாளமே இல்லை; எப்போது போனது, யார் கொண்டுபோனார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மிச்சமுள்ள பக்கம் உப்புக்காற்றில் துருவேறி, தொட்டால் செதில் செதிலாகக் கையோடு வருகிறது. ஜல்லிக்கு நடுவே எருக்கஞ்செடி. ஜல்லிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் இடையில் இரண்டடி அகலத்துக்கு மண் இறுகி, சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று கிடக்கிறது. டெண்டர் விட்டு யாரும் போட்டதில்லை. டயரும் செருப்பும் போட்டது.

காலை ஐந்தேகாலுக்கு அங்கே நல்ல நடமாட்டம் இருக்கும். காசிமேட்டில் சரக்கு எடுத்து, கேரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள், நைட் ஷிப்ட் முடித்து டிபன் பாக்ஸை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டு வரும் வெல்டர்கள், அப்புறம் ஆறரை வாக்கில் டியூஷன் பிள்ளைகள், பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் காலை ஊன்றி ஒதுங்கி நிற்க வேண்டும். யார் நிற்பது என்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது: பாரம் இல்லாதவர் நிற்பார். இதுவரை அதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

ரோட்டில் போகலாமே என்பீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டை நோக்கி கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்பது அடி டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை. உள்பக்கமாக அரைவட்டம் வெட்டிக்கொண்டு வரும். அந்த அரைவட்டத்துக்குள் நிற்கிற சைக்கிளை டிரைவர் கண்ணாடியில் பார்க்கவே முடியாது. நான் ஒருமுறை அதற்குள் நின்றிருக்கிறேன். சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்சக்கர ரிம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. டிரைவர் பாவம், இறங்கி வந்து அழுதுவிட்டார். இரண்டு நாள் வரிசையில் நின்று தூங்காத மனுஷன்.

இனி நான் கேட்க வந்த விஷயம். என் அக்கா மகன் கப்பலில் வேலை செய்கிறான். இந்தப் பக்கம் வீட்டுக்கொரு பையன் கப்பலில் இருப்பான். ஸ்பெயினில் காஸ்தெய்யோன் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு பெனிகாசிம் என்ற ஊருக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து ஒரோபேசா வரை கடலை ஒட்டி ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு பாதை. முன்பு ரயில் போன தடம் அது. ரயில் பாதையை உள்ளே தள்ளிப் புதிதாகப் போட்டபின், பழைய தடத்தைக் கைவிடாமல் சைக்கிளுக்கும் நடைக்கும் கொடுத்துவிட்டார்கள். 'பசுமை வழி' என்று பெயர் வைத்து 1993லிருந்து அந்த நாடு முழுக்க இப்படிச் செய்துகொண்டிருக்கிறார்களாம். "மாமா, மிதிக்கவே வேண்டாம், தானா போவுது" என்று அனுப்பிய வீடியோவில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்டிலிருந்து டங்கார்வன் வரை 46 கிலோமீட்டர் பழைய ரயில் தடம் 2017லிருந்து சைக்கிள் பாதை. இங்கிலாந்தில் பேட்ஸ்டோ என்ற மீன்பிடி ஊருக்குப் போன ரயில் 1967இல் நின்றது. அந்தத் தடத்திலும் இன்று சைக்கிள்தான். வெளிநாட்டைக் காட்டி வெட்கப்படுத்த இதைச் சொல்லவில்லை. அங்கெல்லாம் பெரும்பாலும் விடுமுறைக்கு வருகிறவன் ஓட்டுகிறான். இங்கே வேலைக்குப் போகிறவன் ஓட்டுவான். அந்த வித்தியாசம் உங்கள் வரைபடத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரயில் தடம் ஏன் சைக்கிளுக்கு இவ்வளவு தோது என்று யோசித்திருக்கிறீர்களா? இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. நூறு அடி போனால் ஓரடி ஏறும் சரிவே சரக்கு ரயிலுக்கு மலை. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, வளைவை நீட்டி மட்டமாகத்தான் போடுவார்கள். அந்த வேலையை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் விட்ட காலத்திலிருந்தே இந்த மண்ணில் செய்து வைத்திருக்கிறார்கள். போதாதற்கு எங்கள் ஊரே தட்டை. மேடு என்றால் எங்களுக்கு மேம்பாலம் ஒன்றுதான்.

காற்று மட்டும் சும்மா விடாது. மார்கழியில் வாடைக்காற்று எதிரே அடித்தால் எண்ணூர் பக்கம் போகிறவனுக்கு அதுதான் மலை. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பூவரசும் புன்னையும் இரண்டு பக்கமும் வைத்தால் பாதிக் காற்றும் முக்கால் வெயிலும் குறையும். இரண்டுமே உப்புக்காற்றைத் தாங்குகிற மரம். அழகுக்கு என்று எங்கிருந்தோ பனைமாதிரி எதையாவது கொண்டுவந்து நட்டுவிடாதீர்கள்; அதன் நிழலில் ஒரு கோழிகூட நிற்காது.

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தொடை வரை தண்ணீர். பால் வாங்க நான் போனது அந்தச் சைடிங் மேட்டு மேலேதான். அக்கம்பக்கத்தில் அது ஒன்றுதான் நனையாத தரை. அதே மேடுதான் தண்ணீரை வடியவிடாமல் மறிக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். அதுவும் உண்மை. பாதை போடுகிற சாக்கில் அடியில் நாலு இடத்தில் மதகு வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

மனு கொடுத்தாயா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. முதல் இடத்தில் "நிலம் எங்களுடையது அல்ல" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "நிலம் எங்களுடையதுதான், சைக்கிள் எங்களுடையது அல்ல" என்ற பொருளில் ஒரு கடிதம் வந்தது. மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கிக்கொண்டவர் நல்ல மனிதர். "இதுக்கெல்லாம் மூணு பேரும் ஒரே ரூம்ல உக்காரணும் சார்" என்றார். இந்த மடலே அதற்குத்தான். ஒருநாள் ஒரே அறையில் உட்காருங்கள். ஓடுகிற பாதையில் ஓர் அங்குலம்கூட நாங்கள் கேட்கவில்லை. ரயில் இனி வராது என்று நீங்களே முடிவு செய்த சைடிங்குகளைப் பட்டியல் போட்டு, எது எதோடு சேரும் என்று பாருங்கள். அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். ஒற்றைத் தடத்தின் மண்மேடு ஏறக்குறைய அதுபோல நாலு மடங்கு. எங்களுக்கு அதில் பாதி போதும்.

2021லேயே விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டார். வந்தது, சந்தோஷம், மழைக்காலத்தில் நானே போகிறேன். மீன்பெட்டியோடு ஏற விடுவார்களா என்று அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

பாதை போட ஒப்புக்கொண்டால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பேன். நுழைவாயில். பைக் உள்ளே வரக்கூடாது என்று இரும்புத் தூண் நடுவீர்கள். நெருக்கி நடுவீர்கள். தெரிந்தவர் ஒருவரின் மீன்பெட்டியைக் கேரியரில் குறுக்காகக் கட்டியபின் டேப் வைத்து அளந்து பார்த்தேன்: 81 செ.மீ. அது நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழையும். பைக்கை மறித்தால் மீனும் நிற்கும். இதற்குத் தூணில் தீர்வு இல்லை, ஆள்தான் போட வேண்டும். கேட்மேன் வைப்பது ரயில்வேக்குப் புதிதா? கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று நின்று கால் கடுத்த எங்களுக்கு அவரைப் பார்த்தால் கோபம் வரும். இந்த கேட்டில் பார்த்தால் வணக்கம் வைப்போம்.

காலை ஆறு மணிக்குத் திறந்து எட்டுக்குப் பூட்டும் பூங்காவாகவும் ஆக்கிவிடாதீர்கள். ஆறு மணிக்கு எங்களில் பாதிப்பேர் வேலையில் இருப்போம். செல்ஃபி எடுக்க ஊர்ப்பெயர் எழுதிய பெரிய எழுத்துகள் வேண்டாம். காற்றடிக்கிற பம்பு ஒன்று, சங்கிலியில் கட்டி வைத்தால் போதும்.

நேரில் பார்க்க வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வேலை நாளில், காலை ஐந்தேகாலுக்கு, சைக்கிளோடு வாருங்கள். ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து கூட்டிப் போகிறேன். 147ஆம் பிரிவை அன்றைக்கு மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். எதிரே மீன்பெட்டி வந்தால் காலை ஊன்ற வேண்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
சைடிங்கில் சைக்கிள் ஓட்டுகிறவன்