கல்வெட்டு வைக்க முடியாத வேலைகளுக்கும் பணம் தாருங்கள்

பெருமதிப்பிற்குரிய திருமண்டலச் செயற்குழு உறுப்பினர்களுக்கும், எங்கள் பள்ளிகளுக்கு நிதி அனுப்பும் வெளிநாட்டுக் கிறிஸ்தவ அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி நகரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன்பின் எல்லாப் பள்ளிகளிலும் ஆய்வு நடந்தது. பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. இடித்த இடத்தில் புதிதாகக் கட்டித்தரச் சொல்லி அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பங்கள் போகின்றன. அந்த விண்ணப்பங்களில் காணாமல் போகும் ஒரு செலவைப் பற்றியே இந்த மடல்.

உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. பாடநூல், சீருடை, சத்துணவு உண்டு. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியின் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது. கட்டடத்தைக் காப்பது மட்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. தமிழ் வழிப் பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே ஓட்டை அடைக்கவும் குழாய் மாற்றவும் தாளாளர் கையில் காசு இருப்பதில்லை. புது வகுப்பறைக்கு 40 லட்சம் கிடைக்கிற பள்ளியில் கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு 200 ரூபாய் கிடைப்பதில்லை. வகுப்பறையின் நெற்றியில் நன்கொடையாளர் பெயரைக் கல்வெட்டாகப் பதிக்கலாம்; கழிவுத் தொட்டியின் மூடியில் யார் பதிப்பார்கள்?

மிஷன் காலத்துக் கட்டடங்கள் பலவற்றுக்கு மெட்ராஸ் தார்சுக் கூரை. தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியாகத் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த கூரை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறாண்டு தாண்டியும் நிற்கும். ஒழுகத் தொடங்கியதும் பெரும்பாலும் செய்வது என்ன? மேலே 3 அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். 20 அடிக்கு 20 அடி அறையில் அது மட்டுமே ஆறரை டன்னுக்கு மேல் வரும். அந்தப் பாரத்துக்காக அந்தக் கட்டைகள் போடப்படவில்லை. போதாததற்கு, சுண்ணாம்பு உறிஞ்சிய ஈரம் காற்றில் உலர்ந்து போகும் வழியைச் சிமெண்ட் அடைத்துவிடுகிறது. ஈரம் கட்டையின் நுனியில் தங்கும். நுனி சுவருக்குள் புதைந்திருப்பதால் உளுத்துப்போவது கண்ணுக்குத் தெரியாது. வெளியே தெரியும் பகுதி கல்லைப் போல இருக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் கூரான ஊசிக் கம்பியைக் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அன்றே அறையைப் பூட்டிவிட்டுப் பொறியாளரை வரவழைக்க வேண்டும். நுனி கெடாத கூரையென்றால் மேலே உடைந்த தட்டோட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவையிலேயே மறுபடி பதித்து, மழைநீர்க் குழாயின் வாயைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலான ஒழுக்கு நின்றுவிடும். இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் புதுக் கட்டடத்துக்கு ஆகும் பணத்தில் சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

கான்கிரீட் கட்டடங்களின் கதை வேறு. கடலோரச் சேகரங்களில் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவுகளில்) உப்புக்காற்று கம்பியைத் தேடிப் போகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும்; பருத்த கம்பி அடியிலுள்ள காரையைத் தள்ளிப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்துவிட்டால் துரு உள்ளே தன் வேலையைத் தொடரும். அடுத்த முறை விழுவது இன்னும் பெரிய துண்டாக இருக்கும். கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஒப்பந்தக்காரர் கம்பியைப் பலகைமேல் படுக்கவைத்துக் கான்கிரீட் ஊற்றினால் அரை அங்குலம்கூட மிஞ்சாது. கான்கிரீட் போடும் நாளில் யாராவது குனிந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களில் ஒருவராவது அன்றைக்கு வந்தால் நல்லது.

சுவர்களுக்கு வருவோம். கழிப்பறை மறைப்புச் சுவர், சுற்றுச்சுவர் இரண்டையும் யாரும் கட்டடமாகவே எண்ணுவதில்லை. வரைபடம் இல்லை, பொறியாளர் இல்லை. நாலரை அங்குலச் சுவரை வானம் (அடித்தளக் குழி) தோண்டாமல் தரைமேலேயே ஆள் உயரத்துக்கு எழுப்பிவிடுகிறார்கள். இடையில் தூண் இருக்காது, மேலே சுவரைப் பிணைக்கும் கட்டும் இருக்காது. ஒருபக்கம் மண் குவிந்து மழையில் ஊறினால், நீர் வெளியேறத் துளையில்லாத சுவர் சாயும். தனித்து நிற்கும் சுவர் 9 அங்குலமாவது இருக்க வேண்டும். 10 அடிக்கு ஒரு தூண், கெட்டி மண் வரைக்கும் வானம் வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் இதுவும் போதாது. அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அங்கே பொறியாளரைக் கேட்காமல் சுவர் எழுப்பவே கூடாது.

கழிப்பறைக்கு வேண்டிய கணக்கும் எளிது. 40 பிள்ளைகளுக்கு ஒன்று வேண்டும். தண்ணீர், பகல்நேரப் பள்ளியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர். 400 பேர் படித்தால் 18,000 லிட்டர். நன்கொடையாக வந்து மாடியில் நிற்பதோ 1,000 லிட்டர் சின்டெக்ஸ். இடைவேளை மணி அடித்த சிறிது நேரத்தில் அது காலி. தண்ணீர் இல்லாத கழிப்பறை நாறும், நாறினால் பூட்டுவார்கள். பெரிய பெண்பிள்ளைகள் அந்த மூன்று நாளும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும். புதுக் கட்டடத்தை லாரி வரும் வழியை மறித்துக் கட்டிவிட்டால் தொட்டி நிரம்பிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது அந்த வழியைத்தான்.

அறக்கட்டளைகளுக்கு ஒரு கோரிக்கை. கட்டடத்துக்குத் தரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்பு வைப்புநிதியாகத் தனியே ஒதுக்குங்கள். 40 லட்சம் என்றால் 4 லட்சம். 6 சதவீத வட்டி என்று வைத்தால் ஆண்டுக்கு 24,000 ரூபாய். கழிவு லாரி, மோட்டார் பழுது, மழைக்கு முன் மாடி சுத்தம் ஆகியவற்றுக்கு அது வரும். துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கு வராது. அதற்குச் சேகரம் அறுப்பின் பண்டிகை (அறுவடை நன்றி விழா) காணிக்கையில் ஒரு பங்கைத் தர வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாது; நிர்வாகச் செலவும் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பயத்தில் பழுதுபார்ப்பு என்ற தலைப்பையே பல திட்டங்களிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அலுவலகக் கட்டடத்தின் பழுது நிர்வாகச் செலவில் சேரும். வகுப்பறை, கழிப்பறைப் பழுதை அதோடு கலக்காமல் மதிப்பீட்டிலேயே கல்விப் பணியாகத் தனித்துக் காட்டி, பணம் வருமுன் தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். வைப்புநிதியின் வட்டியும் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். ஆண்டுக் கணக்கில் அதை விட்டுவிடாதீர்கள்.

செயற்குழுவுக்கு ஒரு வார்த்தை. கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் 'டி' படிவ உரிமம், தீத்தடுப்பு, சுகாதாரச் சான்று நான்கும் கோப்பில் இருப்பதாலேயே கட்டடம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. மேலே ஏறிப் பார்க்காமல் கீழே நின்றே கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றும் உண்டு என்பது உங்களுக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பொறியாளரும் ஒரு கொத்தனாரும் ஏணியோடு போகட்டும். கூரை, கட்டை நுனி, கழிப்பறைச் சுவர், சுற்றுச்சுவர், தொட்டி மூடி ஆகியவற்றின் நிலையைப் படத்தோடு ஒரே தாளில் எழுதித் தரட்டும். அந்தத் தாள் இணைக்கப்படாத புதுக் கட்டட விண்ணப்பம் எதையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். வந்தால் நீங்களும் ஏற்க வேண்டாம், அறக்கட்டளையாரே.

இப்படிக்கு,
தென்மாவட்டத் திருச்சபைப் பள்ளிகளின் கட்டட வேலையிலும் கணக்கு வேலையிலும் இருக்கும் சிலர்