கறுப்பிக்காக ஓடி வந்தவர்களுக்கு

வணக்கம். நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. கறுப்பி போய்விட்டாள். மற்ற கோழிகள் இரை எடுக்கின்றன. வெள்ளைக்கழிச்சலும் இல்லை, பறவைக் காய்ச்சலும் இல்லை என்று நேற்று மாலை தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆய்வகத்தில் அவளை அறுத்துப் பார்த்த டாக்டர் அம்மாவுக்குத்தான் முதல் கும்பிடு. முடிவைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாலே போதும். அதற்குமேல் கேட்கும் துணிச்சல் எனக்கு இருந்திருக்காது. நீங்களோ கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டீர்கள். ஒன்று மெல்லியது, குறுக்கே நெருக்கமான வரிகளுடன். "நல்ல கால் நரம்பு இப்படித்தான் வெள்ளையாகப் பளபளக்கும்." இன்னொன்று இரு மடங்கு தடிமன், வரியே இல்லை. "இது உங்கள் கோழியின் இடது கால். வீங்கிச் சாம்பல் பூத்துவிட்டது." ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டி அவள் கிடந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மேரக்ஸ் நோய்.

சுளுக்கு, சத்துக்குறைவு, விஷம் என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டீர்கள். இது ஹெர்பிஸ் வகை வைரஸ், வந்தபின் எந்த மருந்தும் கேட்காது, குஞ்சு பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசிதான் காப்பு என்றீர்கள். அந்த ஊசியும் கட்டியையும் வாதத்தையும் தடுக்குமே தவிர, கிருமி தொற்றுவதை முழுதாகத் தடுக்காதாம். மீதிக் கோழிகளும் அதே இறகுத் தூசியைச் சுவாசித்தவைதான்; எல்லாம் விழுந்துவிடாது, ஆனால் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று பூசி மெழுகாமல் சொன்னீர்கள். எழுந்து போகும்போது, நான் கேட்கக் கூச்சப்பட்டதற்கு நீங்களாகவே பதில் சொன்னீர்கள்: "மடியில் வைத்து ஊட்டினேன் என்றீர்களே, பயப்படாதீர்கள். இது மனிதருக்குத் தொற்றாது." அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அம்மா?

தண்ணீர் புகட்ட ஊசிக்குழல் தந்தவர்கள், இரவில் போனை எடுத்தவர்கள், வண்டி கொடுத்தவர்கள், "செத்தால் புதைத்துவிடாதே, சோதனைக்குக் கொண்டு போ, ஐஸ் வைத்துக் குளிர வை, உறைய வைத்தால் திசு கெட்டுவிடும்" என்று சரியான நேரத்தில் அதட்டிய தோழி, எல்லோருக்கும் நன்றி. "ஒரு கோழிக்கா இத்தனை பாடு!" என்றவர்களுக்கும் நன்றி, கோபத்தில்தான் நான் தூங்காமல் இருந்தேன்.

இனிமேல் தடுப்பூசி போட்ட குஞ்சுகளை மட்டுமே வாங்குவேன். ஊசி வேலை செய்யச் சில நாள் பிடிக்கும் என்பதால், அவற்றைப் பழைய கோழிகளின் பக்கமே விடாமல் தனியாக வளர்ப்பேன்.

கடைசியாக, கூண்டு இரவல் கொடுத்த அண்ணனுக்கு. அதைத் திருப்பித் தரமாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் கிருமி தூசியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் வீட்டிலோ சின்னக் குஞ்சுகள் இருக்கின்றன. புதுக் கூண்டு வாங்கி வேறொருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை நானும் உங்கள் வாசலுக்கு வரவில்லை.