மருந்தும் குண்டும்

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவருகிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. எனக்குக் கண் மங்கிவிட்டது. துப்பாக்கியின் முன்குறி தெளிவாகத் தெரிய ரேஞ்சுக்கென்றே தனிக் கண்ணாடி. இலக்கு கலங்கலாகத்தான் தெரிகிறது, பரவாயில்லை.

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மறுபடி நிரப்பும் ரீலோடிங் பிரஸ் வாங்கியாயிற்று, எந்த பவுடர் (வெடிமருந்து), எந்த புல்லட் என்கிறாய். எல்லோரும் உன்னிடம் வேகத்தைத்தான் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது, தோட்டாவின் கூடான கேஸை அந்த பவுடர் எவ்வளவு நிரப்புகிறது என்று.

உன் .38 ஸ்பெஷல் தோட்டாவையே எடுத்துக்கொள். 1898-இல், கருமருந்துக் காலத்தில் வந்த கேஸ் அது. அவ்வளவு பெரிய குழிக்குள் இன்றைய வேகமான பவுடர் நாலு கிரெயின் எடை போட்டால், கோடைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அடியில் கிடக்கும். கைதவறி இரண்டாம் தடவை விழுந்தாலும் வழியாது. மேலே குண்டை அழுத்திவிட்டால் பிறகு யாருக்குத் தெரியும்? இரட்டை அளவு துப்பாக்கியையே வெடிக்கவைக்கலாம். அதனால் ஒரு அளவே பாதிக் கேஸுக்கு மேல் ஏறுகிற, பருமனான பவுடராகப் பார். மறுபடி விழுந்தால் வாயைத் தாண்டிக் கொட்டும். செலவு கொஞ்சம் கூடும்தான். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின்; நாலு நாலாகப் போட்டால் 1750 தோட்டா, ஐந்து ஐந்தாகப் போட்டால் 1400. அந்த 350 தோட்டாவை நான் காப்பீட்டுக் கணக்கில் எழுதிவிடுவேன்.

எனக்குப் போன வருஷம் நேர்ந்தது இதற்கு நேர் எதிர். வேலைக்கு நடுவே போன் அடித்தது. எழுந்து போய் வந்து, ஒரு கேஸில் மருந்தே இல்லாமல் குண்டை அழுத்திவிட்டேன். ரேஞ்சில் 'டுப்' என்று ஒரு சத்தம், கை உதறவே இல்லை. பழக்கதோஷத்தில் விரல் அடுத்த தோட்டாவுக்குப் போய்விட்டது. எப்படியோ நிறுத்தினேன். கேஸின் அடியில் பொறி வைக்கும் பிரைமர் மட்டும் தள்ளிய குண்டு குழலுக்குள் பாதி வழியில் சிக்கிக் கிடந்தது. பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டி எடுத்தேன். அடுத்ததைச் சுட்டிருந்தால் இந்தக் கடிதத்தை இடது கையால்தான் எழுதியிருப்பேன்! அன்றிலிருந்து 50 கேஸையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்காமல் குண்டைத் தொடுவதில்லை. மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கும்.

குண்டு விஷயம் சுலபம். காகித இலக்குக்கு 148 கிரெயின் வாட்கட்டர் போதும். மூக்கு தட்டையாக இருப்பதால் தாளில் வட்டமாக வெட்டிய ஓட்டை விழும், புள்ளி எண்ணுவதில் சண்டை வராது. அதை மெதுவாகவே விடு. வெறும் ஈயத்தை விரட்டினால் குழலில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டியே மாலை போய்விடும்.

உன் மகளின் 9 எம்எம் துப்பாக்கிக்கு 124 கிரெயின் உருண்டை மூக்குக் குண்டு. 147-ஐத் தொடுவதானால் அதற்குரிய பவுடர் அட்டவணையைத் தனியாகப் பார். நீளமான குண்டு கேஸுக்குள் ஆழமாக இறங்கும், இடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு என்றால் 9 எம்எம்முக்கு 35,000. அந்தச் சின்னக் கேஸில் விளையாட்டு வேண்டாம்.

பவுடர் அளவை என்னிடம் கேட்காதே, சொல்ல மாட்டேன். பவுடர்காரர்களின் அட்டவணையில் உன் குண்டுக்கு நேரே உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்கு.

முதல் 50-ஐச் சுட்டதும் அந்த இலக்குத் தாளை அப்படியே மடித்து அனுப்பு. வெளியே போன ஓட்டைகளை மறைக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

அன்புடன்,
மணி