கறுப்பு விளிம்பு கருகியது இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதச் சரக்கில் போர்சினி காளான் துண்டுகளின் ஓரம் பாதிக்குப் பாதி கறுத்திருக்கிறது, கருகியதைத் தலையில் கட்டிவிட்டீர்களா என்று ராயபுரத்து அக்கா ஒருவர் பாக்கெட்டோடு எங்கள் மண்ணடிக் கடைக்கே வந்துவிட்டார். வாட்ஸப்பிலும் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். கருகவில்லை. ஆனால் தப்பு எங்களுடையதுதான். இரண்டு வகைக் காளான் கலந்து வந்ததைப் பிரிக்காமல் அப்படியே விற்றுவிட்டோம்.

இத்தாலிக்காரர்கள் போர்சினி என்பது நெருங்கிய உறவுள்ள நான்கு வகைகளை. நம் பாக்கெட்டில் இருந்தவை இரண்டு. பொலிட்டஸ் எடுலிஸின் தொப்பி பழுப்பு, ஓரம் வெளுத்திருக்கும், ஈரத்தில் பிசுபிசுக்கும். பைன், ஸ்புரூஸ், பீச் மரங்களின் வேரோடு சேர்ந்து வளரும். பொலிட்டஸ் ஏரியஸ் வெயில் பிடித்த இனம். தென் ஐரோப்பாவில் ஓக், செஸ்ட்நட் மரத்தடியில் கிடைக்கும். தொப்பி கிட்டத்தட்டக் கறுப்பு, தொட்டால் வெல்வெட் மாதிரி. சீவிக் காயவைத்தால் அந்தத் தோல்தான் கறுப்புக் கோடாகத் தெரிகிறது. ஊறவைத்துப் பாருங்கள்: கரி என்றால் உதிரும், கசக்கும், இது தோலாகவே நிற்கும்.

துண்டின் அடியில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பட்டை இருக்கிறதே, அது பூஞ்சணம் இல்லை. இந்தக் காளானுக்குக் குடைக்கடியில் மடிப்புகள் கிடையாது, இடியாப்ப அச்சு போலப் பொடித் துளைகள்தான். இளசில் வெள்ளை, முற்ற முற்றப் பச்சை ஏறும்.

லண்டனில் வாங்கிய ஒரு சீனப் போர்சினி பாக்கெட்டை க்யூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் டிஎன்ஏ பார்த்ததில், அதுவரை பெயரே வைக்கப்படாத மூன்று இனங்கள் அதற்குள் இருந்தன. 2014இல் வெளியான ஆய்வு அது. நாங்கள் கலந்து விற்றதற்கு அது சாக்காகாது, சரி.

இனி இரண்டும் தனித்தனி பாக்கெட். ஏரியஸ் கெட்டியானது, மணமும் தூக்கல், கொள்முதல் விலையும் கூட. புலாவுக்கு அதுதான் என்பது என் கட்சி. சூப்புக்கு எடுலிஸே போதும். எதுவானாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பாதி மணம் அதில்தான் இருக்கிறது. அடியில் மணல் தங்கும், துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், நம்மூர்ப் புழுக்கத்துக்குப் பிரித்த பாக்கெட்டை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கலப்பு பாக்கெட் வைத்திருப்பவர்கள், பிரித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். ஞாயிறு மட்டும் கடை மதியம் வரைதான்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்