ஹைஃபாவில் எங்கள் சவ்தாவுக்குத் துணை நின்றவர்களுக்கு

வணக்கம்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நான் வீட்டோடு தங்கிக் கவனித்துக்கொண்ட சவ்தா தொண்ணூறு வயதில் காலமானார். சவ்தா என்றால் பாட்டி. இங்கே கேர்கிவர் வேலை பார்க்கும் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஏழு நாள் துக்கமும் முப்பதாம் நாள் கல்லறைப் பிரார்த்தனையும் முடிந்துவிட்டன. அவருடைய மகள் எபிரேயத்தில் நன்றி அறிவிப்புப் போட்டிருக்கிறார். என் பங்குக்கு நான் தமிழில் எழுதுகிறேன். நன்றிக்குரியவர்களில் பாதிப் பேருக்கு இதை வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, மகளிடம் சொல்லி ஒவ்வொருவர் காதிலும் போட்டுவிடுவேன். மீதிப் பேர் நம் ஆட்கள். அது போக, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கமிருந்து இந்த வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளும் படிக்கட்டும்.

சவ்தா 1935-இல் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்தவர். அப்போது அது ருமேனியாவில் இருந்தது, இப்போது உக்ரைனில் இருக்கிறது. 1941 அக்டோபரில், ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்திருந்த அந்தோனெஸ்குவின் ருமேனிய அரசு அந்த ஊர் யூதர்களை ரயிலில் அடைத்து டினீஸ்டர் ஆற்றுக்கு அப்பால் ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்குத் துரத்தத் தொடங்கியது. அங்கே விஷவாயு அறைகள் இல்லை. பசியும் குளிரும் டைஃபஸ் காய்ச்சலும் கொன்றன, துப்பாக்கியும் கொன்றது. மொகிலேவ் என்ற ஊரில் இடிந்த ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்களோடு அடைந்து கிடந்தபோது அவருக்கு ஆறு வயது. 1944 மார்ச்சில் சோவியத் செஞ்சேனை வரும்வரை அங்கேதான்.

ஆனால் யாராவது கேட்டால் சவ்தா சொல்வது ஒன்றுதான்: "நான் ஆஷ்விட்ஸில் இருந்தவள் இல்லை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை." ஆஷ்விட்ஸ் என்பது விஷவாயு அறைகள் இருந்த நாஜிக் கொலை முகாம். நாஜிக் காலத்து யூத இனப்படுகொலையிலிருந்து குழந்தைகளாகத் தப்பியவர்கள் பலர் இப்படித்தான் பேசுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போர் முடிந்ததும் பெரியவர்கள் அவர்களிடம், நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது என்று வாயை அடைத்துவிட்டார்கள். இன்று உயிரோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகள்தான். 2024 தொடக்கத்தில், தப்பியவர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் கிளெய்ம்ஸ் கான்பரன்ஸ் அமைப்பு வெளியிட்ட கணக்குப்படி உலகம் முழுக்கச் சுமார் 2,45,000 பேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இஸ்ரேலில்.

முதல் நன்றி அம்காவின் சமூகப் பணியாளர் அக்காவுக்கு. தப்பிப் பிழைத்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மனத்துணையாக இருக்கவென்றே 1987-இல் இங்கே தொடங்கிய அமைப்பு அது. மறதி நோய் முற்றிய பிறகு, சவ்தா படுக்கப் போகுமுன் இரவு உடையை மடியில் போட்டுக்கொண்டு தையல் தையலாக விரலால் தடவுவார். கழுத்துப் பட்டை, அக்குள், கைமடிப்பு, அப்புறம் மறுபடியும் கழுத்து. முக்கால் மணி நேரம் ஓடும். பேன் தேடுகிறார். நம் ஊரில் மத்தியான நேரம் வாசற்படியில் உட்கார்ந்து பேன் பார்ப்பது பாசத்தோடு சேர்ந்த காரியம். டைஃபஸைப் பரப்பியது பேன் என்பதால் அவருக்கு ஒரு பேன் என்றால் ஒரு சாவு.

வீட்டுக்கு வந்த மருத்துவர் தூக்க மாத்திரையைக் கூட்டலாம் என்றார். அக்கா அப்படியா என்று கேட்டுக்கொண்டு, ஒரு ராத்திரி கூடவே உட்கார்ந்து பார்த்தார். எதையும் கிண்டவில்லை. அதெல்லாம் முடிந்துபோன கதை என்று ஆறுதலும் சொல்லவில்லை. மேசை விளக்கை எடுத்துத் துணிக்குப் பக்கத்தில் பிடித்தார். "வெளிச்சம் பத்தாமல்தான் திரும்பத் திரும்பத் தேடுகிறார். நீ விளக்கைப் பிடி. அவர் முடித்ததும், சுத்தமாக இருக்கிறது என்று நீயும் பார்த்துச் சொல்" என்றார். அன்றிலிருந்து கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மாத்திரையைக் கூட்டவே இல்லை.

உதவி என்றால் பேச வைப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பேச விரும்புகிறவர்கள் பேசட்டும், கேட்க ஆள் வேண்டும்தான். சவ்தா அந்த ரகம் இல்லை. அவரைப் பேச வைக்காமலே அவரோடு இருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த மடலில் பெரும்பங்கு.

மகளுக்கும் அக்காதான் வழிகாட்டினார். அறுபது வயது தாண்டிய பெண், இரண்டு பேரப்பிள்ளைகள். இன்னமும் அம்மா வீட்டில் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார். ஊருக்குப் போனால் வண்டி கிளம்பியதும், சேர்ந்ததும் இரண்டு முறை அம்மாவுக்குப் போன் பண்ணியாக வேண்டும். தன் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தார். அம்காவில் இரண்டாம் தலைமுறைக்கென்று நடக்கும் குழுவில் போய் உட்கார்ந்தபோதுதான் அங்கே இருந்த எல்லோரும் அப்படியே வளர்ந்தவர்கள் என்று தெரிந்ததாம். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார், அப்புறம் சமையலறையில் நின்று நெடுநேரம் அழுதார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறதி கூடக்கூட சவ்தா ஒரு பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். மகளுக்கு அது யாரென்று தெரியாது. அக்கா அவசரப்படாமல், கூப்பிடும்போதெல்லாம் "அவன் என்ன பண்ணுகிறான்?" என்று மட்டும் கேட்கச் சொன்னார். துண்டு துண்டாக வந்தது: தம்பி, மூன்று வயது, இருமல், முதல் பனிக்காலம். தனக்கு ஒரு மாமா இருந்தார் என்பதே மகளுக்கு அப்போதுதான் தெரியும். ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்தில், கொல்லப்பட்ட யூதர்களின் பெயரில் ஆளுக்கொரு சாட்சியப் பக்கம் நிரப்பி வைக்கிறார்கள். ஒரு தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அந்தப் படிவத்தை மகளோடு சேர்ந்து நிரப்பினார். பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், இறந்த ஊர். பாதிக் கட்டங்கள் காலி, புகைப்படமும் கிடையாது. இருப்பதை எழுதினால் போதும் என்று பொறுமையாகச் சொன்ன அந்தத் தன்னார்வலருக்கு நன்றி.

அடுத்தது ஜெர்மனியிலிருந்து வந்த தம்பிக்கு. ஆக்ட்சியோன் ஸூனெட்ஸைஷன் என்று 1958-இல் அங்கே தொடங்கிய ஓர் அமைப்பு, நாஜிகள் செய்ததற்குப் பொறுப்பேற்கும் விதமாக இளைஞர்களைப் பல நாடுகளுக்குச் சேவைக்கு அனுப்புகிறது. சவ்தாவுக்கு எபிரேயம் மெல்ல உதிர்ந்துபோய், வீட்டில் பேசி வளர்ந்த ஜெர்மன் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு அதில் பத்து வார்த்தை தேறாது. மகள் முதலில், ஜெர்மன்காரப் பையனா, வீட்டுக்குள்ளா என்று ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவனோ இருபது வயதுகூட இருக்காது, சோபா நுனியில் பயந்துபோய் உட்கார்ந்தான். சவ்தா அவன் பேசியதைக் கேட்டுவிட்டு உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்தார். செர்னோவிட்ஸ் ஜெர்மன்தான் சுத்தமான ஜெர்மனாம்! ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பாடம் நடந்தது. கடைசி மாதங்களில் எங்கள் யாரையும் அடையாளம் தெரியாத நாளில்கூட, அவன் வந்தால் முதுகை நிமிர்த்தி உட்காருவார்.

தப்பியவர்கள் கூடிப் பழகும் கஃபே யூரோப்பா சந்திப்புகளை நடத்தும் நண்பர்களுக்கும் நன்றி. காபி, கேக், அக்கார்டியன் பாட்டு, ரம்மிகூப் ஆட்டம். சவ்தா கள்ளாட்டம் ஆடுவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது மட்டும் கசப்பு. பெயர் வேண்டாம். உறவினர் அல்லாதவர் வெளியே நில்லுங்கள் என்று என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். கதவு சாத்தியதும் உள்ளே அவர் அலறியது எனக்குக் கேட்டது. சீருடை போட்டவர்கள் வந்து கூட இருப்பவரைப் பிரித்துக்கொண்டு போவது அவருக்கு எதை நினைவுபடுத்தும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இரவு ஷிப்டுக்கு வந்த கலிலேயா பக்கத்து அரபு நர்ஸ் ஒருவர்தான் கோப்பைப் படித்துவிட்டு என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் கட்டிலருகே வந்தார். விடிகிறவரை விளக்கை அணைக்க விடவில்லை. அந்தச் சகோதரிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

2024 கடைசியில் ஹைஃபாவில் சைரன் அடிக்காத நாள் குறைவு. எங்கள் ஹதார் பகுதியில் பழைய கட்டடங்கள், வீட்டுக்குள் பாதுகாப்பு அறை கிடையாது. சத்தம் கேட்டதும் மேல்மாடி ரஷ்யக் குடும்பத்தின் இரண்டு பையன்களும் ஓடி வந்து சவ்தாவை நாற்காலியோடு தூக்கிப் படிக்கட்டின் உட்பக்கம் இறக்குவார்கள். நான் அவர் காதைப் பொத்திக்கொள்வேன். பையன்களே, உங்கள் முதுகு நன்றாக இருக்கட்டும்.

இனி நம் ஆட்கள். என் சனிக்கிழமை விடுப்புக்கு ரிலீவராக வந்த கோட்டயத்துச் சேச்சி, நான் தளர்ந்துபோன வாரங்களில் சம்பளம் பேசாமல் வெள்ளி இரவே வந்துவிடுவார். டெல் அவிவ் பேருந்து நிலையக் கடையிலிருந்து புழுங்கலரிசி சுமந்து வந்த தோழிகள், ராத்திரி ஒரு மணிக்கும் போன் எடுத்த தங்கச்சிமார், ஊரில் என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கவனிப்பவர் அந்தக் காலத்தில் தப்பியவர் என்று தெரிந்தால், அம்காவிடம் கேட்டுப் பாருங்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். சமூகப் பணியாளர் வந்தால், உங்களுக்கும் தூக்கம் வருவதில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என்னிடம் அக்கா அதைக் கேட்காத நாளில்லை. சக்கர நாற்காலி, கட்டில் எல்லாம் யாத் சாரா அமைப்பில் இரவலாகக் கிடைக்கும், காசு கொடுத்து வாங்காதீர்கள். எங்களுடையதைப் போன வாரம்தான் துடைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

அன்புடன்,
ஹைஃபாவிலிருந்து ஒரு கேர்கிவர்