கடைசித் தேதி 28

பாப்பா,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி. மலையில் மூன்றாவது சுற்று ஏலக்காய் எடுக்கிறார்கள். மழை விட்டு விட்டுப் பெய்வதால் ஸ்டோரில் காய் உலர்த்த விறகு இரட்டிப்பாகிறது என்று புலம்பல். இவ்வளவு போதும் ஊர்ச் சமாச்சாரம்.

நீ அனுப்பிய வரியை ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். "ஹோஸ்டிங் 28ஆம் தேதி முடிகிறது, எந்தத் திட்டம் வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." ஹோஸ்டிங் என்றால் நம் கடைத் தளத்தை இணையத்தில் வைக்க எடுக்கும் வாடகை இடம் என்று இப்போது எனக்கும் தெரியும். முன்பெல்லாம் "அப்பா" என்று ஆரம்பிப்பாய். சரி, அவசரத்தில் அனுப்பியிருப்பாய். பார்த்துக்கொள் என்றாய், பார்த்துவிட்டேன். பத்து நாளாகக் கடையில் வேறு வேலை ஓடவில்லை. தெருமுனை இ-சேவை மையத்துத் தம்பியை மாலை மாலை உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். அவன் சொன்னதில் பாதியை நானே தேடிச் சரிபார்த்தேன். போனில் சொன்னால் "மீட்டிங் இருக்கிறது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ அனுப்பிய பில்லை அச்செடுத்துக் கல்லாவில் வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மாதம் 149 ரூபாய் என்று சேர்ந்தோம். 36 மாதத்துக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி.யோடு 6,330 ரூபாய் கட்டினோம். இப்போது புதுப்பிக்க மாதம் 449. ஒரே வருடத்துக்கு வரியோடு 6,358 ஆகிறது. மூன்று வருடம் இருந்த பணத்துக்கு இனி ஒரு வருடம்தான். திட்ட வாய் வந்தது, ஆனால் பழைய பில்லின் அடியில் பொடி எழுத்தில் புதுப்பிக்கும் விலையையும் போட்டுத்தான் இருக்கிறார்கள். படிக்காதது நம் தப்பு. சேருகிறவனுக்கு ஒரு விலை, இருக்கிறவனுக்கு ஒரு விலை என்பது இந்தத் தொழிலில் எங்கும் உள்ள வழக்கம் என்கிறான் தம்பி. ஆகவே திட்டம் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது விலையை. மூன்று வருடம் மொத்தமாகக் கட்டினால் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். ஒரு வருடத்துக்கு மட்டும் எடுப்போம். பிடிக்காவிட்டால் கிளம்ப வழி இருக்க வேண்டும்.

பில்லில் உன் முகவரி மாறியிருப்பதையும் பார்த்தேன். அது இருக்கட்டும்.

திட்டங்களில் ஷேர்டு என்று ஒன்று, வி.பி.எஸ். என்று ஒன்று, கிளவுட் என்று ஒன்று. தம்பி இங்கிலீஷில் விளக்கியபோது தலை சுற்றியது. எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஷேர்டு என்பது விடியற்காலையில் இங்கிருந்து போடிமெட்டு ஏறுகிற தோட்டத்து ஜீப். வண்டி என்பது சர்வர், தளங்களை வைத்திருக்கும் கணினி. ஒரே வண்டியில் எல்லாரும். ஒருவர் மூட்டையை மடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டும். வி.பி.எஸ். என்றால் அதே வண்டியில் உனக்கென்று தடுப்புப் போட்ட இடம். அடுத்தவர் எத்தனை மூட்டை ஏற்றினாலும் உன் பங்கு குறையாது. ஆனால் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குவதும் பூட்டுப் போடுவதும் பெரும்பாலும் நம் பொறுப்பு. கிளவுட் என்பது ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடும் ஏற்பாடு. முழு வண்டியையே நாம் எடுப்பதும் உண்டாம், அது நமக்குக் கட்டாது. அன்லிமிடெட் என்று போடுகிறார்களே, அது ஜீப் டிரைவர் "இன்னும் இரண்டு பேர் ஏறுங்கள்" என்பது மாதிரி. எத்தனை கோப்பு வைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு, எவ்வளவு வேகம் இழுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு, எல்லாம் விதிமுறைப் பக்கத்தில் ஒளிந்திருக்கின்றன.

நம் கடைத் தளத்துக்கு என்ன வேண்டும்? பன்னிரண்டு பக்கம், நாற்பது படம். ஒரு நாளைக்கு அறுபது பேர் பார்த்தால் அதிகம். விலை கேட்பவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறார்கள். அங்கேயே பணம் கட்டி வாங்கும் வசதி கிடையாது. இதற்கு ஷேர்டு தாராளம். தளம் மெதுவாகத் திறக்கிறது, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று அந்த நிறுவனத்தார் மூன்று தடவை போன் செய்தார்கள். தம்பி திறந்து பார்த்துச் சிரித்தான். காய்க் குவியல் படங்களை நான் செல்போனில் எடுத்து அப்படியே ஏற்றியிருக்கிறேன், ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. அவற்றை 200 கே.பி.க்குச் சுருக்கினான், தளம் பறக்கிறது. செலவு ஒரு டீ. இதை நீ முன்பே சொன்னாய், நான்தான் கேட்கவில்லை.

சர்வர் மும்பையில் இருக்கிற திட்டமாகப் பார்த்தேன். நம் வாடிக்கை டெல்லியும் கான்பூரும். அவர்கள் பார்க்கிற படம் அமெரிக்கா போய்த் திரும்ப வேண்டியதில்லை. 99.9 சதவீதம் இயங்கும் என்று எல்லாரும் மார் தட்டுகிறார்கள். கணக்குப் போட்டேன், அப்படியும் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக்கிடக்கலாம். ஏலம் நடக்கும் நேரமாக இல்லாதவரை பரவாயில்லை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வருவதற்கான சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதே. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, நல்ல நிறுவனங்கள் தாங்களே போட்டுவிடுகின்றன.

காப்புப் பிரதி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். தினமும் எடுக்க வேண்டும், எடுத்தது வேறு இடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று எரிந்தே போனதாம். காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் சிலருக்கு அசலும் போனது, நகலும் போனது. பேரேட்டையும் அதன் நகலையும் ஒரே பீரோவில் வைக்காதே என்று உன் தாத்தா சொல்வார். மாதம் ஒரு தடவை நானே ஒரு பிரதியை இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. பில் கடையின் பெயரில், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு வரட்டும். 18 சதவீத வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மூன்று வருடமாக உன் பெயரில் வந்ததால் அது வீண். உன் முகவரி அதில் எதற்கு?

கோபப்படாதே. நீ செய்த தளத்தைப் பற்றி இங்கே நான் சொல்லாத ஆள் கிடையாது. கான்பூர்க்காரர் ஒருவர் போன மாதம் நேரில் வந்தார். எட்டு மில்லிமீட்டர் காயும் ஏழு மில்லிமீட்டர் காயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவுகோலோடு நீ எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். என் மகள் என்றேன். என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார் என்று கேட்டார். பெங்களூரில் கணவரோடு என்றேன். சொல்லும்போது நாக்கு ஒரு நொடி நின்றது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஹோஸ்டிங் மட்டும் புதுப்பித்தால் போதாது. டொமைன், அதாவது தளத்தின் பெயர், தனி. மலையில் குத்தகைப்பாட்டம் என்பார்களே, அதுபோலப் பெயரும் நமக்குச் சொந்தமில்லை, வருடா வருடம் கட்டி வைத்துக்கொள்வதுதான். நம் பெயர் அடுத்த மாதம் முடிகிறது. அது உன் கணக்கில் இல்லை. வேறு நிறுவனத்தில், மாப்பிள்ளையின் மின்னஞ்சலில் இருக்கிறது. அன்றைக்கு அவர்தான் ஆசையாக வாங்கிக்கொடுத்தார். நினைவூட்டல் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காமல் விட்டால் தளமும் நிற்கும், கடை மின்னஞ்சலும் நிற்கும். அதற்குப் பிறகு மீட்க ஒரு முப்பது நாள், அபராதத்தோடு. அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். பெயரை நம் கணக்குக்கு மாற்ற அவர் பூட்டைத் திறந்து ஒரு குறியீடு தர வேண்டும்.

அவரிடம் நீ கேட்கிறாயா, நான் கேட்கவா என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். உட்கார்ந்து இரண்டு நாள் ஆகிறது.

பொங்கலுக்கு நீ தனியாக வந்தாய். அவருக்கு லீவு இல்லை என்றாய். அம்மா நம்பினாள். பில்லில் இருப்பது ஒரு மகளிர் விடுதி, மூன்றாம் மாடி. நீ தெரிந்தே அந்தப் பில்லை எனக்கு அனுப்பினாயா, தெரியாமல் அனுப்பினாயா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். ஆடியில் ஒரு ராத்திரி போன் செய்து, "அப்பா, கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா" என்று கேட்டாய். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், பொறுத்துப் போ என்று சொல்லிவிட்டு அன்றைய ஏல விலையைச் சொல்ல ஆரம்பித்தேன். சராசரி, அதிகபட்சம், வந்த மூட்டை, எல்லாம் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. 2018 கேரள வெள்ளமும் அடுத்த கோடையின் வறட்சியும் செடிகளை அழித்து, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு இறங்கிய விலையை இறக்கமாகவே நான் பார்க்கவில்லை. மறுபடி ஏழாயிரம் வரும் என்று ஆறு மூட்டை வாங்கி அடுக்கினேன். ஊரடங்கு வந்தது, எல்லைச் சோதனைச் சாவடி மூடினார்கள், ஏலமே நின்றது. திறந்தபோது வாங்கியதில் பாதிகூடத் தேறவில்லை. பார்ட்டி ஏமாற்றிவிட்டான் என்று உங்களிடம் சொன்னேன். எந்தப் பார்ட்டியும் ஏமாற்றவில்லை. அடைக்க வேண்டிய நாலு லட்சத்தை மாப்பிள்ளையிடம்தான் வாங்கினேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அவரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் அதைச் சொல்லிக் காட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. உன்னைப் பொறுத்துப் போகச் சொன்னபோது என் கண் முன் நின்றது அந்த நாலு லட்சம்தான். உன் முகம் நிற்கவில்லை.

இரண்டே கால் லட்சம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதியும் இந்தத் தையில் முடிந்துவிடும். கீழ்த்தெரு இடத்துக்கு ஆள் வந்திருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

திட்டம் முடிவு செய்துவிட்டேன்: ஷேர்டு, மும்பை சர்வர், ஒரு வருடம், தினசரிக் காப்புப் பிரதி. கடைப் பெயரில் நானே 25ஆம் தேதி பணம் கட்டுகிறேன். தளத்தைப் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள், பழையதை அதுவரை மூட வேண்டாம். உன் கடவுச்சொல் மட்டும் தேவைப்படும், தம்பியிடம் கொடுக்க மாட்டேன், நானே அடிக்கிறேன். டொமைன் குறியீட்டுக்கு நீ அவரிடம் பேச வேண்டாம். நான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அவர் என்னிடம் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

அரைக் கிலோ எட்டு மில்லிக் காய் கூரியரில் போட்டிருக்கிறேன். பில்லில் இருந்த முகவரிக்குத்தான் அனுப்பினேன். மாடி அறையில் இருந்த மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டோம், சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

அப்பா