ஏசி கேஸை காத்துல விடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் வீட்டு ஏசிய கழட்டி வேற ரூம்ல மாட்ட வந்த தம்பி, அவுட்டோர் யூனிட் நட்ட லூஸ் பண்ணி கேஸ் மொத்தத்தையும் புஸ்ஸுன்னு வெளிய விட்டுட்டாரு, காப்பர் பைப் நுனில வெள்ளையா பனி படிஞ்சு நின்னுச்சு, கேட்டா எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்கன்னாரு. உள்ள இருந்தது ஆர்-410ஏங்கிற குளிர வைக்கிற கேஸ், அது ஒரு கிலோ போனா சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்கு சமம். வால்வ மூடி, ஏசிய ஓட விட்டு கேஸ உள்ள இழுக்கிற பம்ப் டவுன் பண்ணிருந்தா அஞ்சு பத்து நிமிஷத்துல கேஸ் யூனிட்டுக்குள்ளயே போயிருக்கும்!

இப்ப வர்ற ஏசில இருக்கிற ஆர்-32 கேஸ் இதுல மூணுல ஒரு பங்கு பாதிப்புதான், ஆர்-290ங்கிற புரோப்பேன் அதைவிட ரொம்ப ரொம்ப கம்மி. தீப்பிடிக்கும்னு பயப்படுறது நியாயம்தான், ஆனா நம்ம ஃப்ரிட்ஜ்ல பல வருஷமா ஐசோபியூட்டேன்ங்கிற தீப்பிடிக்கிற கேஸ்தான் ஓடுதே. பூமிய சூடாக்குற இந்த மாதிரி கேஸ உலக நாடுகள் படிப்படியா குறைக்கணும்ங்கிற கிகாலி ஒப்பந்தத்த இந்தியா 2021லயே ஏத்துக்கிச்சு, நமக்கு குறைக்கிற கணக்கு 2032லதான் ஆரம்பம், அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா? ஐடிஐ பசங்களுக்கும் தெருமுனை மெக்கானிக்குகளுக்கும் கேஸ பிடிச்சு வைக்கிற மெஷினும் ட்ரெய்னிங்கும் அரசாங்கம் இப்பவே குடுக்கணும்.

- ஒரு வாசகர், சென்னை